பனியின் நிறமாலை: ஓர் ஆய்வு மாணவிக்குக் கடிதம்

அன்புள்ள மாணவிக்கு,

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இயங்கும் காலத்தில், ஆய்வகத்தில் அமர்ந்து கரிம மூலக்கூறுகளின் அகச்சிவப்பு நிறமாலையை, அதாவது அவை எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதை, பதிவுசெய்வது இரண்டாம் தரப் பணியோ என்று கேட்டிருந்தீர்கள். அதுவே முதற்பணி என்பது என் உறுதியான எண்ணம்.

விண்வெளியில் வாயுவாக உள்ள மூலக்கூறு சுழல்வதால், வானொலித் தொலைநோக்கிகள் அதன் கூர்மையான கோடுகளைக் கொண்டு அதை இனங்காண்கின்றன. ஆனால் விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த முகில்களில், நுண்தூசியின் மேல் பனியாக உறைந்த மூலக்கூறால் அவ்வாறு சுழல இயலாது. அதன் பிணைப்புகளின் அதிர்வுகள் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் உண்டாகும் அகன்ற பட்டைகளே நமக்குக் கிடைக்கும் தடயம். அப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எத்தனால் 7.24 மைக்ரான் அலைநீளத்தில் உறிஞ்சுகிறது. பார்மிக் அமிலமும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் உறிஞ்சுகிறது. மேலும், தூய எத்தனாலின் பட்டையும் நீர்ப்பனியில் கலந்த எத்தனாலின் பட்டையும் உச்சியிலும் அகலத்திலும் வேறுபடுகின்றன. பனி சூடேறிப் படிகமாகும்போது அவை மறுபடியும் மாறுகின்றன. தனி மூலக்கூறுக்குக் கணினிக் கணிப்பு பெருமளவு உதவும். ஒழுங்கற்ற பனியில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் சூழப்பட்ட மூலக்கூறுக்கு அளவீட்டையே நான் நம்புவேன்.

அதனால்தான் வெற்றிடக் கலத்தில் ஏறத்தாழ 15 கெல்வினுக்குக் குளிர்வித்த தளத்தின்மேல் கலவை வாயுவைப் படியவைத்து, சிறிது சிறிதாகச் சூடாக்கி, ஒவ்வொரு நிலையிலும் நிறமாலையை எடுக்கிறோம். 2024இல் ஐ.ஆர்.ஏ.எஸ். 2ஏ, ஐ.ஆர்.ஏ.எஸ். 23385 ஆகிய இளம் விண்மீன்களைச் சூழ்ந்த பனியில் எத்தனாலும் அசிட்டால்டிஹைடும் இருப்பதை வெப் காட்டியது என்று செய்திகள் வந்தன. தொலைநோக்கி தந்த வளைகோட்டை, நெதர்லாந்தின் லைடன் ஆய்வகம் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பனி நிறமாலைகளோடு பொருத்திப் பார்த்த பிறகே அப்பெயர்களைச் சொல்ல முடிந்தது. கார்பன் வளையங்கள் பல ஒட்டி அமைந்த பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்களின் நிலை வேறு: 3.3, 6.2, 7.7, 11.3 மைக்ரான் பட்டைகள் விண்வெளியில் பரவலாகத் தெரிந்தும், அந்தக் குடும்பத்தில் பொதுவாக உள்ள அதிர்வுகளே அவற்றை உண்டாக்குவதால், எந்தத் தனி மூலக்கூறையும் அவற்றைக் கொண்டு உறுதிப்படுத்த முடியவில்லை.

பட்டையின் இடத்தோடு அதன் உறிஞ்சும் வலிமையையும் கட்டாயம் அளந்துவிடுங்கள். படிந்த பனியின் தடிமனைத் தனியே அளக்க வேண்டியிருப்பதால் பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு அது மிகுந்த வருத்தம். வலிமை தெரியாவிட்டால், மூலக்கூறு இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, நீரோடு ஒப்பிட எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல இயலாது. கலவை விகிதம், வெப்பநிலை, சூடாக்கிய வேகம் அனைத்தையும் மூலத் தரவோடு சேர்த்தே வெளியிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்தவர் ஒருவர்