நைரோபியிலிருந்து அம்மாவுக்கு

நைரோபி,
ஆகஸ்ட் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்துவிட்டதென்று அப்பா போனில் சொன்னார். தம்பியிடம் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.

ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை நினைத்து எவ்வளவு கவலைப்பட்டீர்கள்! இந்த ஊர் ஊட்டி மாதிரி உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட 1,700 மீட்டர். வீட்டில் ஃபேனே கிடையாது. போன மாதம் முழுக்க கதிர் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கறிவேப்பிலை, புளி எல்லாம் கிடைக்கிறது. இங்குள்ளவர்கள் உகாலி என்று ஒன்று சாப்பிடுகிறார்கள். நம்ம களிதான், வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டுவது. தெருவில் யாராவது கால் இடறினால், முன்பின் தெரியாதவர்கள்கூட "போலே" என்கிறார்கள். ஐயோ பாவம் என்று அர்த்தம். எனக்கு இந்த ஊரில் முதலில் பிடித்துப்போன வார்த்தை அதுதான்.

சரி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே வேறு ஒரு விஷயத்துக்காக. போன ஞாயிற்றுக்கிழமை யானைக்குட்டிகளைப் பார்க்கப் போனோம். ஊரை ஒட்டியே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை என்று ஒன்று, தாயில்லாத யானைக்குட்டிகளை வளர்க்கிறது. காலையில் ஒரே ஒரு மணி நேரம், 11 முதல் 12 வரைதான் மற்றவர்களை விடுகிறார்கள்.

பச்சைக் கோட்டு போட்ட கீப்பர்கள் பெரிய பெரிய பால் பாட்டில்களோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். புதருக்குள்ளிருந்து குட்டிகள் ஒவ்வொன்றாக ஓடி வந்தன. ஓட்டம் என்றால் உண்மையான ஓட்டம், காதெல்லாம் அடித்துக்கொள்ள. ஒரு குட்டி பாட்டிலைத் தும்பிக்கையால் தானே பிடித்து உறிஞ்சியது. பால் முடிந்ததும் கீப்பரின் காலில் சாய்ந்து நின்றுகொண்டது. அவரும் நகரவில்லை. ரொம்பச் சின்னதான ஒன்று அவருடைய விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருந்தது. பாகன் இல்லை அம்மா, அங்குசம், சங்கிலி ஒன்றுமே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறது.

இங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு. அதனால் தந்தத்துக்காக அம்மா யானைகளையும் சுட்டுவிடுகிறார்கள், குட்டி தனியாக நின்றுவிடுகிறது. வறட்சியும் ஒரு காரணம். 2022-ல் பிப்ரவரி முதல் அக்டோபருக்குள் இந்த நாட்டில் 205 யானைகள் வறட்சியில் செத்துப்போயின. சில குட்டிகள் கிணற்றில் விழுந்து கூட்டத்தைத் தவறவிட்டவை.

இதைத் தொடங்கியவர் டாஃப்னே ஷெல்ட்ரிக் என்ற அம்மாள். அவருடைய கணவர் டேவிட்தான் கிழக்கு ட்சாவோ காட்டின் முதல் வார்டன். 1977-ல் அவர் இறந்ததும் அவர் நினைவாக இதை ஆரம்பித்தார். பிறந்த குட்டியை வளர்ப்பது அன்றைக்கு யாருக்கும் கைவராத வேலை. மாட்டுப் பாலின் கொழுப்பு யானைக்குட்டிக்குச் சேராது, வயிற்றால் போயே செத்துவிடும். எது எதையோ கலந்து பார்த்து, கடைசியில் யானைப் பாலின் கொழுப்புக்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? நம்ம தேங்காய் எண்ணெய்! பால், பராமரிப்பு எல்லாம் சரியாக அமைய 28 வருடம் ஆனதாம். அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். தோப்பில் விலை இறங்கினால் முகம் வாடி உட்காருகிறாரே, இதைக் கேட்டால் கொஞ்சம் சந்தோஷப்படுவார்.

அந்தப் பாலில் முதலில் தேறிய குட்டிக்கு ஆயிஷா என்று பேர். பிறந்து சில நாளில் வந்தது, ஆறு மாதம் நன்றாக வளர்ந்தது. அப்புறம் மகள் கல்யாணத்துக்காக டாஃப்னே ஊருக்குப் போக வேண்டி வந்தது. அவரைக் காணாமல் ஆயிஷா தீனியை விட்டது, ஏங்கி ஏங்கியே செத்துப்போனது. தன்னை மட்டுமே அம்மா என்று நினைக்கும்படி வளர்த்ததுதான் தப்பு என்று அவர் கடைசிவரை வருந்தினார். 2018-ல் காலமானார்.

அதனால்தான் இன்றைக்கும் ஒரு குட்டிக்கு ஒரே கீப்பர் என்று வைப்பதில்லை. இரவில் குட்டியோடு அதே கொட்டடியில் ஒருவர் படுக்கிறார், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க. ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு அந்தப் பக்கமிருந்து பாட்டிலை நீட்டுகிறார்கள். குட்டி தும்பிக்கையை அதில் அழுத்திக்கொண்டு, அம்மா வயிறென்று நினைத்துக் குடிக்கும். வெயிலில் காது வெந்துவிடாமல் சின்னக் குட்டிக்குக் கிரீம்கூடத் தடவுகிறார்கள். காட்டில் என்றால் அம்மாவின் நிழலிலேயே நிற்குமே.

கொஞ்சம் வளர்ந்ததும் ட்சாவோவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே வாசலை அடைத்து வைப்பதில்லை. காட்டு யானைகளோடு பழகி, எப்போது போவது என்று அதுவே முடிவு செய்யும், வருடக்கணக்கில் ஆகும். போனதும் உறவு விட்டுப்போவதில்லை அம்மா. அங்கே இதும்பா என்ற இடத்தில் வளர்ந்த முலிக்கா 2011-ல் குட்டி போட்டது. அதற்கு ம்வெண்டே என்று பேர் வைத்தார்கள். அந்தப் பக்கத்துக் கம்பா மொழியில் பிரியமானவள் என்று அர்த்தம். அடுத்த வருடம் யாட்டா ஈன்ற குட்டிக்கு யெட்டு. ஸ்வாஹிலியில் 'நம்முடையது'. பிறந்த குட்டியைக் கூட்டிக்கொண்டு, தன்னை வளர்த்தவர்களிடம் அவை வந்து நிற்கின்றன. அடிபட்ட காட்டு யானைகளும் அவற்றோடு சேர்ந்து வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு போயிருக்கின்றன.

நான் பார்த்தபோது உங்கள் நினைவு வந்தது. செவலை மாடு செத்த அன்று அதன் கன்றுக்கு மூங்கில் குழாயில் பால் ஊட்டிவிட்டு, பனியில் தொழுவத்திலேயே படுத்தீர்களே. எனக்கு அப்போது எட்டு வயது, போர்வையை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் பக்கத்தில் படுத்தேன். கன்றின் மூச்சு இரவு முழுக்கக் கழுத்தில் பட்டது. அதைக் கதிரிடம் சொன்னேன். "பாட்டியும் கீப்பரா?" என்று கேட்டான்.

மாசியில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. லட்சுமி கன்று ஈன்றதும் காளையா கிடேரியா என்று உடனே எழுதுங்கள். எதுவானாலும் யெட்டு என்றுதான் கூப்பிட வேண்டுமாம், கதிர் சொல்லச் சொன்னான்.

அன்பு மகள்,
செல்வி