ஊட்டுப்புரையில் நின்றபோது

தக்கலை

அன்புள்ள செல்லத்துரைக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பேத்திக்குப் பெயரிட்ட செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். நான் நலமாக இருக்கிறேன், மூட்டுவலி மட்டும் சற்று உண்டு. அந்த வலியையும் பொருட்படுத்தாமல் சென்ற வியாழக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வந்தேன்.

வேளிமலையின் அடிவாரத்தில், அந்தக் கோட்டைச் சுவரை ஒட்டியே நாம் பள்ளிக்கு நடந்த காலத்தில் அரண்மனையை ஒரு பழைய கட்டடமாகத்தான் பார்த்தோம். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் ஆளப்பட்ட இடம் அது. 1956-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், கேரளத் தொல்லியல் துறைதான் அதை அருங்காட்சியகமாகப் பராமரித்து வருகிறது.

மந்திரசாலையின் தரையை இம்முறை குனிந்து தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்போடு சுட்ட சிரட்டைக்கரியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த தரை என்று சொல்வார்கள். இத்தனை தலைமுறைக் கால்கள் பட்டும் அதன் கறுப்பில் நம் நிழல் தெரிகிறது. நாட்டின் காரியங்களை முடிவு செய்த அந்த அறை, நம் ஊர்ப் பெரிய தறவாட்டு வீட்டின் தளத்தைவிடப் பெரிதென்று சொல்ல முடியாது. அடுக்குமாடிக் கட்டடமான உப்பிரிக்கை மாளிகையில், மூலிகை மரங்களால் செய்த கட்டில் இருக்கும் மன்னரின் அறையும் அடக்கமானதே. அந்த மாளிகையின் உச்சித்தளம் பத்மநாப சுவாமிக்கு உரியது. 1750-இல் மன்னர் மார்த்தாண்ட வர்மர் நாட்டையே சுவாமிக்கு அர்ப்பணித்துவிட்டு அவருடைய தாசனாக ஆண்டார் என்பதை அந்தப் படிகளில் ஏறும்போதுதான் உண்மையாக உணர்ந்தேன்.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தியது அன்னதானம் நடந்த ஊட்டுப்புரை. கீழும் மேலுமாக இரண்டு தளங்கள், தளத்துக்கு ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணும் அளவுக்கு நீண்ட கூடம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பரணிகள் இன்றும் இருக்கின்றன. தான் படுக்க ஒரு சிறிய அறை, பிறருக்குச் சோறு போட இத்தனை பெரிய கூடம் என்று கட்டியவர்களின் மனத்தை நினைத்து, செல்லத்துரை, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பரணியைக் கண்டதும் உன் அம்மா போடும் மாங்காய் ஊறுகாயும் நினைவுக்கு வந்தது.

ஓணத்துக்கு நீ ஊருக்கு வரும்போது இருவரும் சேர்ந்து போவோம். திங்கட்கிழமை விடுமுறை, அந்த நாளைத் தவிர்த்து வா. காலையிலேயே கிளம்பினால் திரும்பும் வழியில் உதயகிரிக் கோட்டையில், திருவிதாங்கூர்ப் படைத்தளபதியாக இருந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறையையும் பார்த்துவிடலாம்.

என்றும் அன்புடன்,
தாணு