முன்பணம் வாங்கிவிடாதே, மாப்பிள்ளை

சேந்தமங்கலம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். அத்தைக்காகக் கொல்லிமலை மிளகு ஒரு கிலோ தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன். மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதாததற்கு உன் வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது அதற்கு நேரமில்லை. மாமாவின் பிக்கப்பை விலை பேசியவரிடம் முன்பணம் வாங்கிவிட்டாயா? வாங்கவில்லை என்றால் வாங்காதே. வாங்கிவிட்டாய் என்றால், எப்படியாவது பத்து நாள் தவணை கேள்.

ஆடி மாதம் நீ அழைத்தபோது நான் செம்மேட்டில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். காலையில் வண்டி எளிதில் கிளம்பவில்லை, கிளம்பினால் வெள்ளைப் புகை தள்ளுகிறது, பாரம் ஏற்றினால் மேட்டில் இழுக்கவில்லை, இன்ஜின் முடிந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்கிறார் என்றாய். நானும் வண்டியைக் கண்ணால் பார்க்காமல், நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிதானே, வந்த விலைக்குக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவதற்காகவே இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் பாதிதான் உன் காதில் ஏறும் என்பதால் எழுதுகிறேன்.

நீ சொன்ன அதே நோய், சொல்லி வைத்ததுபோல், போன மாதம் என் வண்டிக்கு வந்தது. என்னுடையதும் 4,12,000 கிலோமீட்டர் ஓடியது. மாமாவினுடையதைப் போலவே சென்சார் எதுவும் இல்லாத, பழைய மெக்கானிக்கல் பம்பு வைத்த டீசல் இன்ஜின். கொல்லிமலை மேலுள்ள சோளக்காட்டுக்கு 25 மூட்டை சிமெண்டு ஏற்றிக்கொண்டு, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இருபதைத் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தும் இழுவை இல்லை. வண்டி குலுங்கிக் குலுங்கி, முதல் கியரிலேயே மூச்சு வாங்கியது. ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால், அடுத்த நாலைந்து வளைவுகளுக்கு நன்றாக ஏறும். பிறகு மறுபடியும் அதே கதை. சமதளத்தில் காலி வண்டியாக ஓட்டினாலோ, ஒரு குறையும் தெரியாது. மறுநாள் காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி களைத்த பிறகுதான் கிளம்பியது. கிளம்பியதும் தெருவே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை.

பட்டறையில் காட்டினேன். அங்கிருந்தவர் கிலோமீட்டரைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், சிலிண்டரைக் குடைந்து போர் அடித்துப் பிஸ்டன் செட் மாற்றி, ஹெட் வேலையும் செய்தால் 95,000 ரூபாய் ஆகும் என்றார். ஒரு நட்டைக்கூட அவர் கழற்றவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை, மாப்பிள்ளை. ஓடிய தூரத்தை வைத்து மட்டும் ஓர் இன்ஜினுக்குச் சாவு எழுதுவது எந்த ஊர் நியாயம்? ஆனால் உன்னிடம் நானும் அதையேதான் செய்தேன் என்பது அன்றிரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அதன் பிறகு தூக்கம் வரவில்லை.

நம் பெரிய மேஸ்திரியை நினைத்துக்கொண்டேன். நாமக்கல்லில் அவரிடம் நாம் இருந்த இரண்டு வருடத்தில், எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் புறங்கையை இன்ஜின் மீது வைத்துப் பார்ப்பார் இல்லையா? சூடாக இருந்தால், வண்டியை இங்கேயே விட்டுவிட்டு நாளைக் காலையில் வா என்று அனுப்பிவிடுவார். குளிர்ந்த இன்ஜின் முதன்முதலாகக் கிளம்பும் அந்த அரை நிமிடத்தில் பாதி உண்மை வெளிவந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. பட்டறைக்காரரை நம்பாமல், அவருடைய முறைப்படி முதலிலிருந்து நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

புகையிலிருந்து தொடங்கினேன். வெள்ளைப் புகை என்றதும், இன்ஜின் தலைக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் எரிகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வெள்ளையிலும் இரண்டு உண்டு. தண்ணீர் என்றால் அது நீராவி. கூலண்ட் கலந்திருந்தால் லேசாக இனிப்பு வாடை வரும். எரியாத டீசல் என்றால் கண்ணைக் கரிக்கும், மூக்கைக் குத்தும். சைலன்சரின் வாயில் ஒரு வெள்ளை அட்டையைச் சிறிது நேரம் பிடித்தேன். அதில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தது, டீசல் வாடை அடித்தது, எனக்கோ கண்ணில் நீர் வந்துவிட்டது. குளிர்ந்த நிலையிலேயே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட விட்டேன். தண்ணீரில் குமிழி வரவில்லை. ஒரு வாரம் அளந்ததில் தண்ணீரும் குறையவில்லை. ஆயில் மூடியின் உட்புறத்தில் மோர்போல் வெளுப்பு ஏதும் இல்லை. ஆக, கேஸ்கட் மேல் பழி போட இடமில்லை.

அடுத்து பேக் கம்ப்ரஷன், அதாவது அழுத்தம் பிஸ்டனைத் தாண்டி ஆயில் பக்கம் கசிகிறதா என்பது. ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வைத்தேன். பிஸ்டன் ரிங்கு தேய்ந்து போயிருந்தால் மூடி துள்ளி விழும். என்னுடையது லேசாக நடுங்கியதே தவிர, இடத்தை விட்டு நகரவில்லை. நீலப் புகையும் கிடையாது. ஆயில் மாற்றியதிலிருந்து அடுத்து மாற்றும்வரை இடையில் ஊற்ற வேண்டியதும் இல்லை. இருந்தாலும் சந்தேகம் தீர வேண்டும் என்று, குட்டை அண்ணனிடம் டீசல் கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்கினேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களை எல்லாம் கழற்றி, டீசலை நிறுத்தி, பேட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்து ஒவ்வொரு சிலிண்டராக அளந்தால் 380, 370, 375, 350 பிஎஸ்ஐ காட்டியது. டீசல் இன்ஜினுக்கு இது தாராளம். நான்குக்கும் இடையிலுள்ள வித்தியாசமும் பத்து விழுக்காட்டுக்குள் அடங்குகிறது. தேய்ந்த இன்ஜின்தான், ஆனால் செத்த இன்ஜின் இல்லை. அந்த 350-ஐப் பார்த்தபோது எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. மாமாவின் வண்டியில் யாராவது இதை அளந்து பார்த்தார்களா? உன் மெக்கானிக்கிடம் அந்த நான்கு எண்களை நீ கேட்டிருக்க மாட்டாய். நானும் உன்னிடம் கேட்கவில்லை.

அழுத்தம் சரி என்றால் மிச்சமிருப்பது டீசல். இங்குதான் எனக்கு விடை கிடைத்தது. காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன்னால், லைனில் டீசல் ஏற்றும் கைப்பம்பை அடித்துப் பார்த்தேன். முதல் இருபது அடி தொளதொளவென்று இருந்து, பிறகு கெட்டிப்பட்டது; கெட்டிப்பட்டதும் செல்ஃப் அடித்தால் ஒரே சுற்றில் கிளம்பியது, புகையும் பாதியாகக் குறைந்தது. அப்படியென்றால் இரவில் டீசல் லைனிலிருந்து டேங்குக்கே இறங்கிவிடுகிறது. எங்கேயோ ஏர் எடுக்காமல் அது இறங்காது.

தண்ணீர் மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூபைப் போல, டீசலுக்குத் தாங்கும் கண்ணாடிக் குழாய் ஒரு முழம் வாங்கி, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே மாட்டினேன். ஐடிலில் தெளிந்த டீசல் ஓடியது. ஆக்சிலரேட்டரைக் கூட்டினேன், சோடா பாட்டிலை உடைத்ததுபோல் பொடிப் பொடியாகக் குமிழிகள் வரிசையாகப் போயின, மாப்பிள்ளை! எனக்கு 95,000 ரூபாய் செலவு சொன்ன நோய் அந்தக் குழாய்க்குள் என் கண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, அவளும் சிரித்தாள்.

உறுதி செய்துகொள்ள ஐந்து லிட்டர் கேனில் புது டீசல் ஊற்றி, அசையாதபடி வெளியே கட்டி, அதிலிருந்து நேராக, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுத்தேன். ரிட்டர்ன் குழாயையும் கேனிலேயே விட்டேன். அதே 25 மூட்டையோடு காரவள்ளியிலிருந்து ஏறினால், வண்டி எங்கும் நிற்காமல் சோளக்காடு சேர்ந்தது. பிறகு டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரை வண்டிக்கு அடியில் படுத்து அங்குலம் அங்குலமாகத் தடவினேன். பின் அச்சுக்கு மேலே, சேசிஸில் கிளிப் போட்டிருக்கும் இடத்தில், ரப்பர் குழாய் கிளிப்புக்கு உள்ளேயே நகம் நுழையும் அளவு வெடித்திருந்தது. அங்கே ஒரு துளி ஈரம் கிடையாது. அது இழுக்கும் பக்கம் என்பதால், டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஈரத்தைத் தேடுகிறவன் கண்ணுக்கு இந்த இடம் படவே படாது. டேங்கைக் கழுவியதில், டீசல் வெளியேறும் வாயிலுள்ள வலையில் கறுப்பாகக் கோழைபோல் ஒன்று அடைத்திருந்தது. டேங்க் மூடியின் வாஷர் போய் மலை மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் அப்படித்தான் வளரும்.

யோசித்துப் பார், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. சமதளத்தில் டீசல் குறைவாகவே தேவை, எனவே அடைத்த வலையும் வெடித்த குழாயும் சமாளித்துக்கொள்ளும். மேட்டில் முழு மிதி மிதிக்கும்போது பம்பு பலமாக இழுக்கும். வலை அடைத்திருப்பதால் டீசலுக்குப் பதில் வெடிப்பின் வழியே காற்று வரும். நிறுத்தினால் வலையில் ஒட்டிய கோழை விலகிக் கீழே இறங்கும், கொஞ்ச தூரம் ஓடும். இரவில் அதே வெடிப்பின் வழியே லைன் காலியாகும். காலையில் அரைகுறையாக வரும் டீசல் குளிர்ந்த சிலிண்டரில் எரியாமல் வெள்ளையாக வெளியேறும்.

இன்னொன்றும் அகப்பட்டது. ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன். மூன்று இடங்களில் இன்ஜின் தடுமாறியது, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் பெரிய மாற்றமில்லை, அதாவது அது முதலிலேயே சரியாக வேலை செய்யவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு தளர்த்துவாயே, அதே வேலைதான். பம்புக் கடையில் அந்த இன்ஜெக்டரின் முனையான நாசிலை டெஸ்டரில் மாட்டினால், புகைபோல் அடிக்க வேண்டியது நூலாக ஒழுகியது. நாசில் மாற்றி, புதுச் செம்பு வாஷர் போட்டாயிற்று. குழாய், டேங்க் கழுவியது, ஃபில்டர், நாசில் எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். மிச்சப் புகையும் நின்றது.

ஒரு எச்சரிக்கை. நட்டைத் தளர்த்தும் வித்தையை உன் சித்தப்பா மகனுடைய புது வண்டியில் செய்து காட்டப் போய்விடாதே. புது வண்டிகளில் இருக்கும் காமன் ரெயில் டீசல் லைனில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல் போகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போனால் விரலையே எடுக்க வேண்டி வரும். நம் பழைய பம்பிலும்கூடக் கையைக் குறுக்கே காட்டாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியைச் சுற்றித்தான் செய்தேன்.

மாமாவின் வண்டியிலும் இதேதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அளந்து பார்த்து இரண்டு சிலிண்டரில் 250 காட்டி, மூடியும் துள்ளினால், விற்றுவிடு என்று முதலில் சொல்கிறவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அளக்காமல் விற்க வேண்டாம். பெரம்பலூரிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு வந்து, அந்த வண்டியின் வருமானத்தில்தான் மாமா உன்னைப் படிக்க வைத்தார். தம்மம்பட்டி இரவில் நம் மூன்று பேரையும் காப்பாற்றியதும் அதுதான். 15 வருடம் தாண்டினால் எப்படியும் உடைக்கத்தான் வேண்டும் என்று தரகர் பயமுறுத்துகிறார் என்றாயே, அது விலையைக் குறைக்கும் பேச்சு. 2023 ஏப்ரல் முதல் அப்படிப் பதிவு ரத்தாவது அரசு வண்டிகளுக்கு. நம் வண்டி எஃப்.சி. என்ற தகுதிச் சோதனையில் தேறினால் இங்கே ஓடலாம்.

வரும் ஞாயிறு முதல் பஸ்ஸில் துறையூர் வருகிறேன். கேஜ், கண்ணாடிக் குழாய், ஐந்து லிட்டர் கேன் மூன்றையும் கொண்டுவருகிறேன். சனிக்கிழமை இரவே பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போடு. ரேடியேட்டரில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வை, ஊற்றாதே. பக்கத்து வீட்டுப் பையன் வந்து ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்பான், விடாதே. நான் வந்து புறங்கையை வைக்கும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்.

என்றும் உன்,
மச்சான்