மாயாற்றில் தண்ணீரை மெல்லக் குறையுங்கள்

நீலகிரி நீர்மின் நிலையங்களில் தண்ணீர் திறக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பைக்காராவில் 1932 முதலும் மாயாற்றில் 1952 முதலும் மின்சாரம் எடுக்கிறோம். அதை நிறுத்தச் சொல்லி இந்த மடல் எழுதவில்லை. மழைக்காலத்தில் நீரைக் கூட்டிக் குறைக்கும் வேகத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

காவிரியில் போய்ச் சேரும் மாயாற்றில் மஹ்சீர் என்ற ஆற்று மீன் இருக்கிறது. அதிலும் முதுகு புடைத்த மஹ்சீர் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடிய மீன். அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-ல், அருகிவரும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. மிஞ்சியிருக்கும் சில இடங்களில் மாயாறும் ஒன்று.

கோடையில் இவை ஆழமான மடுக்களில் அடங்கிக் கிடக்கும். புதுவெள்ளம் வந்து, தண்ணீர் கலங்கி, சூடு தணிந்ததும் எதிரேறத் தொடங்கும். தேடிப் போவது கூழாங்கல் பரவிய, ஓட்டமுள்ள ஆழமற்ற இடங்களை. அங்கே இடும் முட்டை மிதக்காது. கல்லிடுக்கில் போய்த் தங்கும். பொரிய மூன்று நாளாவது ஆகும். பொரிந்த குஞ்சும் உடனே நீந்திவிடாது, வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு கரையும்வரை அந்தக் கல்லுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும்.

சிக்கல் இங்கேதான். மாலையில் மின்தேவை கூடும்போது டர்பைன் ஓடுகிறது, ஆறு ஏறுகிறது. தேவை தணிந்ததும் டர்பைன் நிற்கிறது, ஆறு இறங்குகிறது. இயற்கை வெள்ளம் வடிய நாள்கணக்காகும். இது சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏறிய நீரை நம்பி ஓரத்துக் கல்லில் இட்ட முட்டை மறுநாள் வெயிலில் காயும். மீன் மேலேற வெள்ளம் போதும். குஞ்சு பிழைக்க அந்த வெள்ளம் மெல்ல வடிய வேண்டும். மாத மொத்தத்தில் எத்தனை கன அடி போனது என்ற கணக்கில் இந்தச் சேதம் தெரியவே தெரியாது.

பண்ணையில் குஞ்சு பொரித்து விட்டால் போயிற்று என்பார்கள். அதையும் காவிரியில் பார்த்தாயிற்று: வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியது, நம்முடையது ஒதுங்கியது. வெடி வைத்து மீன் பிடிப்பவர்களைத் தடுக்க வேண்டியதும் உண்மைதான், ஆனால் அது வனத்துறையின் வேலை.

உங்களிடம் கேட்பது இரண்டே. ஜூன் முதல் செப்டம்பர் வரை, திறப்பைக் குறைக்கும்போது ஒரேயடியாக மூடாமல் படிப்படியாகக் குறையுங்கள். டர்பைன் நிற்கும் நேரத்திலும் கூழாங்கல் திட்டுகள் நனைந்திருக்கும் அளவுக்கு ஓட்டம் விடுங்கள். எவ்வளவு வேண்டும் என்பதை மீன்வள ஆய்வாளர்களோடு ஆற்றில் இறங்கி அளந்தே முடிவு செய்யலாம். திறக்கும் நேரத்தை முன்கூட்டி அறிவித்தால் கரையோரக் கிராமமான தெங்குமரஹாடாவில் பரிசலில் ஆற்றைக் கடக்கும் மக்களுக்கும் பயன்படும்.

இந்தப் பருவத்திலேயே ஒரு நிலையத்தில் மட்டும் செய்து பாருங்கள். மழை தொடங்குவதற்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நீலகிரிவாசி ஒருவர்