பின் சந்தில் ஒரு தோட்டம்

ரங்கூன்

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதமும் பேத்தி கல்யாணப் படங்களும் கிடைத்தன. ரொம்ப இளைத்துவிட்டாய். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடு.

என் பொழுதெல்லாம் இப்போது நம் வீட்டுப் பின் சந்தில்தான். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் நீங்கள் கப்பலேறினீர்களே, அப்போதே அது குப்பைக்கிடங்கு. சில வருஷங்களுக்கு முன் டவுனில் சில சந்துகளைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். அதைப் பார்த்து எங்கள் தெருப் பிள்ளைகளும் கிளம்பினார்கள். பூச்செடி வேண்டாம், தின்கிற செடியாக வைப்போம் என்றேன். குழம்புக்கு ஆகிற செடி என்றால் நாலு வீட்டுப் பெண்கள் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். மேலேயிருந்து குப்பை விழுந்தால் நிமிர்ந்து திட்டவும் ஆள் இருக்கும்.

பேரன் இதை 'உணவுக் காடு' என்கிறான். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரில் ராபர்ட் ஹார்ட் என்பவர் 1980-களில் வளர்த்துக் காட்டியதாம். பெரிய மரம், சிறு மரம், புதர், கீரை, தரையில் படர்வது, கிழங்கு, கொடி என்று ஏழு அடுக்கு. அவருக்கு முன்மாதிரியே கேரளத்து வீட்டுத் தோட்டங்கள்தானாம்! ஆனால் சந்துக்கு ஏழு அடுக்கு கட்டாது. பலா வைத்தால் வேர் சாக்கடைக் குழாயைப் பிளந்துவிடும்.

இங்கே மண்ணை விட வெயில்தான் பெரிய பாடு. இரண்டு பக்கமும் மாடி வீடுகள். உச்சி வேளையில் மட்டும் கொஞ்சம் இறங்கும். அதனால் வெயில் படும் தெருமுனையில் அகத்தி, முருங்கை, பப்பாளி. உள்ளே இருட்டில் சேம்பு, மஞ்சள், இஞ்சி, வாசனைக்குப் போடும் ரம்பை, வல்லாரை. அகத்தி மேல் வெற்றிலை ஏற்றியிருக்கிறேன், நம் ஊர்க் கொடிக்கால் கணக்கில். அகத்தி வெயிலைச் சல்லடையாகத்தான் மறைக்கும். வேர் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். முனையில் குன்யா (வெற்றிலைச் சுருள்) விற்கும் கடைக்காரர் இப்போதே வெற்றிலைக்கு விலை பேசுகிறார்.

மழைதான் உனக்குத் தெரியுமே, மே முதல் அக்டோபர் வரை நூறு அங்குலத்தைத் தாண்டும். மூன்றடிப் பள்ளம் தோண்டி, காய்கறித் தோலும் சருகும் கொட்டி, சுற்றிலும் மேடு கட்டி வாழை வைத்தோம். தேங்கும் நீரில் பாதியை வாழையே குடித்துவிடுகிறது. சோறு, மீன் முள் மட்டும் கொட்டக் கூடாது; எலி வரும். குலை வெட்டியதும் தண்டு, மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) விற்கும் அம்மாவுக்கு. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கு மொய்ங்கா. இதை விட நல்ல வியாபாரம் உன் வியாசர்பாடியில் உண்டா?

சாக்கடை ஓரத்து மண்ணில் கீரை போட நான் விடவில்லை. அதற்கெல்லாம் அரிசிச் சாக்கில் வெளி மண். வல்லாரையைப் பர்மாக்காரர் போல வெங்காயம், வேர்க்கடலைப் பொடி, எலுமிச்சை விட்டுப் பிசைந்து தின்கிறோம். உன் தங்கை சமைக்கும் கூட்டை விட ருசி, அவளிடம் சொல்லாதே.

மூன்றாம் மாடிக்காரர் ஒருவர்தான் திருந்தவில்லை. ஜன்னல் வழியாகக் குன்யா எச்சிலைத் துப்புகிறார். காலையில் போனால் மஞ்சள் இலை முழுக்கச் செங்காவிப் பொட்டு. இந்த வெற்றிலை தழைத்ததும் முதல் கவுளியை அவருக்கே கொடுத்துப் பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

அங்கிருந்து யாராவது வந்தால் தூதுவளை விதை கொஞ்சம் கொடுத்தனுப்பு. பழத்தை நசுக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி அனுப்பு. ஈரத்தோடு பொட்டலம் கட்டிவிடாதே. மழை பிடிப்பதற்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
ராமு