பாண்ட் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள சேகர்,

பேத்தி பிறந்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தாத்தாவாகியும் உன் கையெழுத்து மட்டும் கோழிக் கிறுக்கலாகவே இருக்கிறது. எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வழியாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சரி, ஓய்வுப் பணத்தை அரசுப் பத்திரத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருந்தாய். போட்ட முதல் (அசல்) திரும்பி வருமா என்பது ஒரு கேள்வி, நடுவில் விற்க வேண்டி வந்தால் என்ன விலை போகும் என்பது வேறு கேள்வி. 5 சதவீதப் பத்திரத்தை 100க்கு வாங்கியிருக்கிறாய், அப்புறம் சந்தை வட்டி 6 ஆகிவிட்டது என்று வை. புதுசு 6 தரும்போது உன் பழசை 100 கொடுத்து எவன் வாங்குவான்? முதிர்வுக்கு 2 வருஷம் இருந்தால் 98 தேறும், 10 வருஷம் என்றால் 92.6, 30 வருஷம் என்றால் 86தான். ஆஸ்திரியா 2020ல் 0.85 சதவீத வட்டிக்கு 100 வருஷப் பத்திரம் விட்டது. 2022ல் வட்டி ஏறியதும் அது பாதி விலைக்கும் கீழே போய்விட்டது, இத்தனைக்கும் அந்த அரசு ஒரு தவணைகூடத் தவறவில்லை. அர்ஜென்டினா கதை வேறு, 2017ல் டாலரில் 100 வருஷத்துக்கு வாங்கி 2020லேயே கையை விரித்தது.

வட்டியே தராமல் தள்ளுபடியில் விற்கும் ஜீரோ கூப்பன் பத்திரத்தின் விலை இன்னும் அதிகம் ஆடும். வட்டி விகிதத்தோடு சேர்ந்து நகரும் ஃப்ளோட்டிங் அவ்வளவு ஆடாது, விலைவாசியோடு முதல் ஏறுகிற வகையும் உண்டு.

கம்பெனிப் பத்திரத்தில் கூடுதல் வட்டி சும்மா வருவதில்லை. கடனைத் திருப்பித் தரும் திறனுக்கான மதிப்பெண், அதாவது ரேட்டிங், பிபிபி மைனஸுக்குக் கீழே இறங்கினால் அதற்குப் பெயரே ஜங்க். வங்கிகள் விடும் ஏடி1 (வங்கி தள்ளாடினால் முதலையே அழித்துவிடக்கூடிய பத்திரம்) இன்னும் ஆபத்து: 2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸ் என்ற சுவிட்சர்லாந்து வங்கி விழுந்தபோது சுமார் 1,600 கோடி ஃபிராங்க் ஏடி1 பத்திரங்களைப் பூஜ்யமாக்கினார்கள், பங்குதாரர்களுக்கோ ஏதோ கொஞ்சம் கிடைத்தது! எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

உன்னிடம் ஏஜென்ட் காட்டிய பத்திரத்தில் ‘கால்’ உரிமை, அதாவது முதிர்வுக்கு முன்பே பத்திரத்தை முடித்துக்கொள்ளும் உரிமை, இருக்கிறதா என்று பார். இருந்தால், வட்டி குறைகிற நேரமாகப் பார்த்து பத்திரம் விட்டவர்கள் அசலைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், நீ குறைந்த வட்டிக்கு வேறு இடம் தேட வேண்டும். விவரத்தாளை அனுப்பு, படித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
ராகவன்