ஒட்டகச்சிவிங்கி அலமாரி செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகளுக்காக விலங்கு உருவத்தில் அலமாரியும் பொம்மைப் பெட்டியும் வடிவமைக்கிறவர்களுக்கும், அவற்றைத் தயாரித்து விற்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

டிராயர் வைத்த அலமாரி குழந்தைகள் மேல் சாய்ந்து விழும் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது பழைய செய்தி. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வீட்டு ஒட்டகச்சிவிங்கி அலமாரி என் மகள் மேல் விழுந்தது. அவளுக்கு மூன்றரை வயது. மைசூர் மிருகக்காட்சிசாலையில் நிஜச் சிவிங்கியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. அதற்காகவே தீபாவளி போனஸில் வாங்கிய அலமாரி அது. மஞ்சளில் பழுப்புத் திட்டு, ஐந்து டிராயர், அதற்கு மேல் கழுத்து, தலை, சிரித்த முகம். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொள்ள இரண்டு கொம்பு. தலையோடு சேர்த்து நாலரை அடி உயரம், 28 சென்டிமீட்டர் ஆழம். அதாவது ஓர் அடிகூட இல்லை.

நான் சமையலறையில் சட்னி தாளித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். கீழ் டிராயர் மூன்றும் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் குறைவாக இழுத்துவிடப்பட்டிருந்தன. அலமாரி முன்பக்கமாகக் கவிழ்ந்து, சிவிங்கியின் தலை கட்டில் விளிம்பில் தட்டி நின்றிருந்தது. சாய்ந்த அலமாரிக்கும் தரைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு முழ இடைவெளியில் என் பெண் கிடந்தாள். மோவாய் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். ஒரு கையில் பாதி இட்லி. அதை அவள் விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது டாக்டரிடம் சொன்னாள்: “சிவிங்கிக்கு இட்லி ஊட்டப் போனேன்.”

கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை நாளாகியும் என்னால் முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அலமாரியை விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மறுமுனையில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. “சுவரோடு சேர்த்துப் பொருத்தினீங்களா மேடம்?” என்று கேட்டார். பெட்டியில் வந்த சின்னப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தின் அடியில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், சுவரில் பொருத்தும்படி ஒரு வரி இருந்தது. பொருத்துவதற்கான பட்டையோ திருகாணியோ பெட்டியில் இல்லை. அடுத்து வாங்கும் பொருளுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, பட்டையே இருந்திருந்தாலும் எங்கே பொருத்துவது? நாங்கள் இருப்பது வாடகை வீடு. ஒப்பந்தத்தில் மூன்றாவது வரியே ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்பதுதான். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் மாட்டியிருக்கிறோம். திருப்பூரில் என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் லைன் வீடுகளில் குடியிருக்கிறார்கள். அவர்களும் பிள்ளைகளுக்கு ஆசைப்பட்டு இதையெல்லாம் வாங்குகிறார்கள். எங்களைப் பார்த்து “சுவரில் மாட்டியிருக்க வேண்டும்” என்று சொல்வது, சாய்கிற பொருளைச் செய்துவிட்டுத் தாங்கிப் பிடிக்கிற வேலையை எங்கள் தலையில் கட்டுவது. நான் கேட்பது ஒன்றுதான். எல்லா டிராயரும் திறந்திருந்து, ஒரு குழந்தை அதில் ஏறி நின்றாலும், சுவரின் துணை இல்லாமலே சாயாமல் நிற்கிற அலமாரியைச் செய்யுங்கள்.

இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று நினைப்பீர்களோ என்னவோ, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் குழந்தைத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். ஒரு கைக்குழந்தைச் சட்டையில் இருக்கிற ஸ்னாப் பட்டன், ஐரோப்பிய ஆர்டராக இருந்தால், 90 நியூட்டன் விசையில் 10 விநாடி இழுத்தாலும் கழன்று வரக் கூடாது. ஏறக்குறைய ஒன்பது கிலோவைக் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். எந்தக் குழந்தை ஒன்பது கிலோ பலத்தோடு பட்டனை இழுக்கப் போகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் சட்டையில் கழுத்திலும் தலைமூடியிலும் நாடா வைக்கவே கூடாது. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த மெஷினைச் சுற்றியிருக்கிற துணி ஒன்றும் நகராது. கிடைத்த துண்டுகளைச் சேர்த்து ஊசிப் பதிவேட்டில் ஒட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முனைக்காக நாங்கள் தரையில் மண்டியிட்டுக் காந்தத்தை வைத்துத் துழாவியிருக்கிறோம். அதை யாரும் தொல்லையாக நினைத்ததில்லை. குழந்தைக்குப் போகிற பொருள் என்றால் அப்படித்தான்.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். வீட்டில், என் மகள் தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், யாரும் ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்காத ஒரு பொருள் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

என் அப்பா காங்கேயத்தில் தச்சு வேலை செய்தவர். பேத்தியைப் பார்க்க வந்தவர், முதலில் அவளை மடியில் வைத்துக்கொண்டார், அப்புறம் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். மூன்று மில்லிமீட்டர் ஹார்ட்போர்டு. டிராயர்களை வெளியே இழுத்தார். எந்த இடத்திலும் தடுத்து நிற்கவில்லை, முழுசாக வந்தன. மடித்த துணிகளை உள்ளே வைத்து, கீழ் மூன்று டிராயரையும் திறந்துவிட்டு, மூன்றாவதின் விளிம்பில் ஐந்து கிலோ அரிசிப் பையை மெல்ல இறக்கினார். அலமாரியின் பின்பக்கம் தரையை விட்டு எழும்பியது. அவர் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். ஐந்து கிலோதான். என் மகள் 14 கிலோ. “அடிகனம் பத்தல சாமி. நெட்டுக்குத்தா நிக்க வெச்சுட்டாங்க” என்றார். அவ்வளவுதான் பேசினார். ஒரு பை அரிசியும் ஐந்து நிமிஷமும் போதும் இந்தச் சோதனைக்கு. உங்கள் பட்டறையில் யாராவது ஒருவர் ஒரே ஒரு தடவை செய்து பார்த்திருக்கலாம்.

இன்னொன்று. இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. சாதாரண அலமாரிக்கு முகம் கிடையாது. உங்கள் அலமாரிக்கு முகம் வைத்தீர்கள். கண்ணை வைத்து, சிரிப்பை வைத்து, குழந்தை எட்ட முடியாத உயரத்தில் அதை நிறுத்தினீர்கள். பையை மாட்டக் கொம்பையும் அங்கேயே வைத்தீர்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பிராணி. அதைத் தடவ வேண்டும், அதற்கு ஊட்ட வேண்டும். ஏறத்தான் செய்யும். ஏறுவது குழந்தையின் தப்பு என்றோ, பார்த்துக்கொள்ளாதது தாயின் தப்பு என்றோ யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கூப்பிட்டது உங்கள் வடிவம்.

அந்த விலங்கையாவது சரியாகப் பார்த்தீர்களா? சிவிங்கியின் கழுத்து ஆறடி நீளம் இருக்கும். காலும் அவ்வளவு நீளம். அதனால் நின்றபடி குனிந்தால் வாய் தண்ணீருக்கு எட்டாது. முன்னங்கால் இரண்டையும் நன்றாக அகட்டி வைத்துத்தான் குடிக்கும். தலையைத் தண்ணீர்வரை இறக்க அந்த உடம்புக்குத் தெரிந்த வழி அது. டிராயர் முன்னால் வருகிற அலமாரிக்கும் அகன்ற கால்தான் வழி. பாரம் முன்னால் வந்தால் கால் அகல வேண்டும். நீங்கள் கழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காலை விட்டுவிட்டீர்கள். விலங்கைப் பார்த்துச் செய்ததாகப் பெட்டியின் மேல் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது அதன் தோலில் இருக்கிற திட்டை மட்டும்தான்.

சிநேகிதி வீட்டில் நீர்யானைப் பெட்டி இருக்கிறது. நிஜ நீர்யானை 150 டிகிரி வரை வாயைத் திறக்கும், திறந்தபடியே நிறுத்தவும் அதனால் முடியும். அந்தப் பெட்டியின் மூடியோ பாதியில் விட்டால் சட்டென்று விழுகிறது. பொம்மை எடுக்கிற பிள்ளையின் கழுத்து நேர் கீழே இருக்கும். உள்ளே போய் ஒளிந்துகொண்டால் மூச்சு விட ஒரு துளை கிடையாது. மூடி தானாக நிற்கிற கீலுக்கு எவ்வளவு கூடுதல் செலவாகும்?

சேமித்து வைப்பதை விலங்கிடம் கற்க வேண்டுமென்றால் நம் ஊர்க் கோயில் வாசலிலேயே பாடம் இருக்கிறது. நாட்டுக்குரங்கு கையில் கிடைத்த கடலையையெல்லாம் கன்னத்துப் பைகளில் அடக்கிக்கொண்டு, மரத்துக்குப் போய் நிதானமாக எடுத்துத் தின்னும். இரண்டு பக்கமும் ஒரே பாரம், உடம்போடு ஒட்டி. வாம்பட் என்கிற ஆஸ்திரேலியப் பிராணிக்கு வயிற்றுப் பையின் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கும். மண்ணைத் தோண்டும்போது குட்டி மேல் மண் விழாமல் இருப்பதற்காக. குட்டிக்கு ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை வைத்து அமைந்த பை அது. அந்த ஒரு கேள்வியை நீங்களும் கேட்டுக்கொண்டு பேனாவை எடுத்திருக்கலாம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எத்தனை தடவை தள்ளினாலும் எழுந்து நிற்கிறதே, கனத்தை அடியில் வைத்திருப்பதால்தானே? நமக்குத் தெரியாத வித்தையா இது?

சட்டம் கேட்கவில்லையே என்று சொல்லலாம். அமெரிக்காவில் 2016-ல் ஐகியா நிறுவனம் சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற்றது, குழந்தைகள் இறந்த பிறகு. 2022 டிசம்பரில் அங்கே ஸ்டர்டி என்ற சட்டம் வந்தது. டிராயர்களில் பாரம் இருக்கும்போது, பல டிராயர்கள் திறந்திருக்கும்போது, தரைவிரிப்பின் மேல் நிற்கும்போது, 60 பவுண்டு வரை, அதாவது சுமார் 27 கிலோ வரை எடையுள்ள குழந்தைகள் தொற்றினாலும் துணி அலமாரி சாய்கிறதா என்று சோதிக்கச் சொல்கிறது அது. 2023 செப்டம்பர் 1 முதல் அந்தத் தரம் அங்கே கட்டாயம். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். என் மகளின் கையில் இருக்கிற சின்னச் சிவிங்கி பொம்மைக்கு முத்திரை இருக்கிறது. அதே முகத்தோடு அவள் தலைக்கு மேல் நின்ற நாலரை அடிச் சிவிங்கியில் எந்த முத்திரையும் இல்லை, அது மரச்சாமானாம். குழந்தை அதைப் பொம்மையாகத்தான் பார்க்கும் என்று தெரிந்துதானே முகம் வைத்தீர்கள்?

எங்கள் ஆபீஸில் கோப்பு வைக்கிற இரும்பு அலமாரி ஒன்று இருக்கிறது. ஒரு டிராயரைத் திறந்தால் மற்றவை தானாகப் பூட்டிக்கொள்ளும், சாயாமல் இருப்பதற்காக. விபத்து நடந்த மறுவாரம் வேலைக்குப் போனவள் அதன் முன்னால் நின்று திறந்து திறந்து மூடிப் பார்த்தேன். காகிதத்துக்கும் பெரியவர்களுக்கும் கிடைத்த அந்த ஏற்பாடு குழந்தையின் அலமாரிக்கு ஏன் வரவில்லை?

கோபத்தில் கேள்வியாகவே அடுக்கிக்கொண்டு போகிறேன். மன்னியுங்கள். பணிவாகக் கேட்கத்தான் இந்த மடலை ஆரம்பித்தேன்.

தயவுசெய்து, எல்லா டிராயரும் திறந்திருந்து ஒரு குழந்தை ஏறி நின்றாலும் சாயாத அலமாரியைச் செய்யுங்கள். முகத்தைக் குழந்தையின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கனத்தை அடியில் வையுங்கள். டிராயர் பாதியில் நிற்கட்டும். சுவரில் மாட்ட முடிகிறவர்களுக்காகப் பட்டையும் திருகாணியும் பெட்டியிலேயே இருக்கட்டும், எச்சரிக்கை முதல் பக்கத்தில் தமிழில் இருக்கட்டும். இதுவரை விற்றவற்றை வாங்கியவர்களின் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது, சலுகைச் செய்தி அனுப்பும்போது அது உங்களுக்குக் கிடைக்கத்தானே செய்கிறது? அதே நம்பருக்கு இந்த வாரமே ஒரு செய்தி அனுப்பி, டிராயரை மூடி வைக்கச் சொல்லுங்கள். இதற்குக் காத்திருக்க வேண்டாம்.

அப்பா அந்த அலமாரியைத் தூக்கிப் போட விடவில்லை. பேத்தி அழுதாள், அதனால். நாலு நாள் எடுத்துக்கொண்டு பிரித்து மறுபடி செய்தார். ஐந்து டிராயர் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்ததை மூன்றும் இரண்டுமாகப் பக்கம் பக்கமாக வைத்தார். உயரம் இப்போது இரண்டடி. அடியில் பழைய தேக்குச் சட்டத்தில் நாலு கால், முன்னங்கால் இரண்டும் நன்றாக அகட்டி. கழுத்தை அறுத்துத் திருப்பி, பக்கவாட்டில் கீழே குனிந்து தண்ணீர் குடிக்கிற மாதிரி பொருத்திவிட்டார். தலை தரையிலிருந்து ஒரு முழம். எல்லா டிராயரையும் திறந்துவிட்டு முன்விளிம்பில் நானே ஏறி நின்று பார்த்தேன், அசையவில்லை. என் மகள் இப்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதற்கு இட்லி ஊட்டுகிறாள். வாயெல்லாம் சட்னி, துடைப்பது என் வேலை.

அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன். அப்பா கூலி கேட்க மாட்டார். பதிலைத் தமிழில் எழுதினீர்கள் என்றால் அவரும் படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மூன்றரை வயதுக்காரி ஒருத்தியின் அம்மா,
திருப்பூர்.